பழம்பொருள் விற்பவரின் இல்லத்தில் ஒரு நாள்

பழம்பொருள் வணிகர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. கண்ணாடிப் பேழைகளும் மெல்லிய விளக்கொளியும் நிறைந்த பெரிய கடை. அதன் நடுவே, விலையைக் கேட்டால் குரலைத் தாழ்த்திச் சொல்லும் செல்வந்தர் ஒருவர். தலைநகர் தில்லியில் சுந்தர் நகர் போன்ற இடங்களில் அத்தகைய கடைகள் இருப்பது உண்மையே. ஆயினும் இத்தொழிலில் உள்ளோர் யாவரும் அப்படிப்பட்டவர் அல்லர். கடை என்று ஒன்று இல்லாமலே, குடியிருக்கும் இரண்டு அறைகளைப் பண்டசாலையாகவும் பட்டறையாகவும் கொண்டு காலம் தள்ளும் சிறு வணிகர் பலர் உண்டு. அத்தகைய ஒருவர் வீட்டில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இத்தொழிலில் உள்ள பலருடைய வாழ்வையும் ஒன்றாகக் கூட்டி, ஒரு மனிதராகவும் ஒரு நாளாகவும் அமைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆனால் அவர் கையாளும் பொருள்களும், அவரைக் கட்டுப்படுத்தும் சட்டமும், அவர் வாழும் வட்டாரமும் முற்றும் உண்மையானவை.

அவ்வட்டாரம் தெற்குத் தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அடுத்தது. ஸ்ரீ அரவிந்தர் சாலையின் ஒரு புறம் இந்தச் சந்தை. மறு புறம் 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தில்லி ஹாட். காய்கறிக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் பலசரக்குக்கும் பெயர் பெற்றது இச்சந்தை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வேண்டுமென்றால் தில்லித் தமிழர் இங்கே வருவது வழக்கம். கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கோட்லா முபாரக்பூர். 1434-ஆம் ஆண்டில் கொலையுண்ட சுல்தான் முபாரக் ஷாவின் கல்லறையைச் சுற்றி எழுந்த ஊர் அது. இன்று சந்துகளும் மாடிக் குடியிருப்புகளும் நெருங்கிய இடம். அங்கே இரண்டாம் மாடியில் நம் வணிகர் வாடகைக்குக் குடியிருக்கிறார்.

பொழுது புலர்வதற்கு முன்பே அவர் எழுந்துவிடுவார். தண்ணீர் பிடித்து வைத்ததும் அவருடைய முதல் வேலை, கையில் காப்பித் தம்ளருடன் தம் பண்டங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவதாகும். கட்டிலுக்கு அடியில் பித்தளைக் கூஜாக்கள். அலமாரியின்மேல் பல்லாங்குழிகளும் வெற்றிலைப் பெட்டிகளும். சன்னல் ஓரத்தில் பழைய இசைத்தட்டுகள். அறை தம்முடையதா பாத்திரங்களுடையதா என்று அவர் மனைவி அவ்வப்போது கேட்பதும், அவர் மறுமொழி சொல்லாமல் நழுவுவதும் அவ்வில்லத்தில் வாடிக்கை.

இந்தக் காலைச் சுற்று வெறும் பழக்கம் அன்று. நோயாளிகளைக் காலையில் பார்வையிடும் மருத்துவரின் வேலையைப் போன்றது அது. தில்லியின் தட்பவெப்பம் பழம்பொருள்களுக்குப் பெரும் பகை. கோடையின் வறண்ட காற்றில் மரம் வெடிக்கும். மழைக்காலத்து ஈரத்தில் ஏடுகளில் பூஞ்சணம் பிடிக்கும். செம்பு, வெண்கலப் பொருள்களுக்கோ மழைக்காலத்தில் தனியே ஒரு நோய் உண்டு. உலோகத்தினுள் தங்கிவிட்ட குளோரைடு உப்புகள் ஈரத்தோடு கூடும்போது, வெளிறிய பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகப் பூத்து உலோகத்தை அரித்துத் தின்னத் தொடங்கும். அத்தகைய புள்ளி ஒன்றைக் கண்டால் நம் வணிகர் அப்பொருளை உடனே பிரித்தெடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைத்துவிடுகிறார்.

ஆனால் எல்லாப் பச்சையும் நோய் ஆகாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நெடுங்காலம் காற்றில் இருந்த செம்பின்மீது கெட்டியாக, வழவழப்பாகப் படியும் களிம்பு அதற்கு ஒரு போர்வை. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பதும் அதுவே. பொருளின் வயதைச் சொல்வதும் அதுவே. வீடுகளில் நாம் செய்யும் பெருந்தவறு, பழைய பாத்திரத்தைக் கண்டவுடன் புளியிட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுவது. அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு அது தகும். எழுபது எண்பது ஆண்டுகள் பேசாமல் கிடந்த பொருளுக்கு அது தகாது. ஒரு நாழிகைத் தேய்ப்பில் ஒரு நூற்றாண்டின் சாட்சியம் போய்விடும். பழைய நாணயங்களுக்கும் இது பொருந்தும். இசைத்தட்டுகளின் செய்தியோ வேறு. 78 சுற்று வேகத்தில் ஓடிய அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டும் கரைந்துவிடும். எனவே மென்மையான துணியும் பொறுமையுமே நம் வணிகரின் முதன்மையான கருவிகள்.

எட்டு மணிக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்படுகிறார். வாங்கச் சொன்னது கறிவேப்பிலையும் ஒரு முழுத் தேங்காயும். ஆயினும் போகும் வழியில் பழைய சாமான் எடைக்கு வாங்கும் கபாடிக்காரர் ஒருவரின் கொட்டகை உண்டு. அங்கே நிற்காமல் அவர் கால்கள் நகர்வதில்லை. குடித்தனம் மாற்றுவோரும், முதியோர் மறைந்தபின் வீட்டைக் காலி செய்வோரும் கொண்டுவந்து கொட்டும் பாத்திரங்கள் அங்கே எடைக்கு எடை விலை போகின்றன. தராசுக்குக் குத்துவிளக்கும் தெரியாது, முறுக்கு நாழியும் தெரியாது. இரண்டும் பித்தளை, பித்தளைக்கு ஒரே விலை.

இங்குதான் அவர் தொழிலின் உயிர்நிலை இருக்கிறது. உருக்கு உலைக்குப் போகவேண்டிய பத்துப் பொருள்களில் போகக்கூடாத ஒன்றைக் கண்டெடுப்பதே அவர் திறமை. அன்று குவியலில் சில பழைய எடைக்கற்கள் தென்படுகின்றன. கிலோகிராம் அல்ல, சேர் எடைகள். ஒரு சேர் என்பது ஏறத்தாழ 933 கிராம். 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப்பின், 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகள் வந்து, சேரும் மணங்கும் வீசையும் வழக்கொழிந்தன. ஒருகாலத்தில் சந்தைதோறும் இருந்த பொருள், பயன் போனதும் யாராலும் பேணப்படாமல் உருகிப்போயிற்று. அரிதானவையே பழம்பொருளாகும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் எங்கும் நிறைந்திருந்தவையே, நிறைந்திருந்த காரணத்தால் கவனிப்பாரின்றி, முதலில் அரிதாகிவிடுகின்றன. எடைக்கற்கள் நான்கையும் வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். தேங்காயை மறந்துபோய், மீண்டும் ஒருமுறை இறங்கிச் செல்லவும் நேர்கிறது.

முற்பகலில் அவர் சன்னல் ஓரம் அமர்ந்து பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பதைக் காணலாம். பழைமைக்கு மதிப்பு உண்டென்றால் பழைமை பூசிய புதுமையும் சந்தைக்கு வருவது இயல்புதானே? தேநீர்ச் சாயத்தில் தோய்த்த காகிதம், புகையில் காட்டிய படம், உப்பும் அமிலமும் இட்டு மண்ணில் புதைத்தெடுத்த பொம்மை ஆகியவை நாளும் வந்துகொண்டிருக்கின்றன. இவற்றை எவ்வாறு இனங்காண்பது? அவர் கையாளும் விதி எளியது. கை எங்கே படுமோ அங்கேதான் தேய்மானம் இருக்கவேண்டும். கூஜாவின் பிடி தேய்ந்திருக்கும். அதன் கழுத்தின் உட்குழிவு தேய்ந்திராது. வெற்றிலைப் பெட்டியின் மூடி விளிம்பு மழுங்கியிருக்கும். அடிப்புறத்து மூலை மழுங்கியிராது. பொருள் முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், தேய்த்தது காலம் அன்று, மனிதன் என்று அவர் தெளிகிறார். ஓவியம் என்று சொல்லி வரும் படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், தூரிகையின் கோட்டுக்குப் பதிலாகச் சிறுசிறு புள்ளிகள் தெரிவதுண்டு. அது அச்சுப்படம் என்பதற்கு அப்புள்ளிகளே சான்று. அச்சுப்படமும் மதிப்புள்ளதே, ஆனால் அதை அச்சுப்படம் என்று சொல்லித்தான் விற்கவேண்டும்.

இனி, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டில் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருள் ஆகும். கையெழுத்துச் சுவடி, ஆவணம் ஆகியவை வரலாற்றுச் சிறப்போ இலக்கியச் சிறப்போ அறிவியல், கலைச் சிறப்போ உடையனவாயின், எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். தொல்பொருளை விற்கும் தொழில் செய்ய அரசின் உரிமம் வேண்டும். சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற சில வகைகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். தனியார் எவரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் கூடாது; மீறுவோர்க்குச் சிறைத் தண்டனை உண்டு.

நம் வணிகரிடம் உரிமம் இல்லை. எனவே நூறு ஆண்டைத் தொடாத பொருள்களோடு அவர் நின்றுகொள்கிறார். நடுவே துளையிட்ட ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 முதல் 1947 வரை வெளிவந்த அந்த நாணயம் நம் பாட்டிமாரின் சுருக்குப்பையில் இருந்தது. அது நூறு ஆண்டைக் காண 2043-ஆம் ஆண்டு பிறக்கவேண்டும். அதுவரை அவர் அதைத் தாராளமாக வாங்கலாம், விற்கலாம்.

இந்த எல்லையை அவர் மறவாதிருக்க உதவுவது ஒரு குறிப்பேடு. அதை எழுதுபவர் அவர் மனைவி. கணக்குப் பிள்ளைக்கு உரிய நேர்த்தியோடு ஒவ்வொரு பொருளுக்கும் அவர் நான்கு செய்திகளைப் பதிகிறார்: என்ன பொருள், என்று வந்தது, என்ன விலை, எங்கிருந்து வந்தது. நான்காவது பத்தி வெறுமையாக இருக்கும் பொருள் அவ்வீட்டில் தங்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. வணிகர் முதலில் இதைக் கேட்டு நகைத்தார். பிறகு அதன் அருமையை உணர்ந்தார்.

உணவு முடிந்து சற்றே கண் அயரும் வேளையில் கதவு தட்டப்படுகிறது. தரகர் ஒருவர். துணியில் சுற்றிய பொருளை மேசைமேல் வைத்துப் பிரிக்கிறார். ஒரு சாண் உயரத்தில் வெண்கல அம்மன் திருவுருவம். பீடத்தின் துளையில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. எங்கிருந்து வந்தது என்று வணிகர் கேட்கிறார். பரம்பரைச் சொத்து என்கிறார் தரகர். எந்தப் பரம்பரை என்று உள்ளிருந்து அம்மையாரின் குரல் கேட்கிறது. அதற்கு விடை இல்லை. துணி மீண்டும் சுற்றப்படுகிறது. தரகர் படியிறங்கியதும், இதைத் தொல்லியல் துறையினருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கவேண்டும் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்கின்றனர்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். மண்ணை வெட்டியபோது தொழிலாளி ஒருவருக்கு நடராசர் திருவுருவம் ஒன்று கிடைத்தது. புதையல் கிடைத்தால் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் சட்டமே சொல்லியிருந்தும், அது கைமாறியது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அங்கிருந்து இன்னொரு கைக்கு. கடைசியில் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தது. நீண்ட வழக்குக்குப் பின்னரே, 1991-ஆம் ஆண்டில் அது தாய்நாடு திரும்பிற்று. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பெருஞ்செல்வம் படைத்ததாக இருக்கலாம். முதல் கண்ணிகள் சிறியவை. சிறு வணிகர் ஒருவர் ஒரு பிற்பகலில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். வாடகை கொடுக்கவேண்டிய வாரத்திலும் நம் வணிகர் அந்தத் துணியைத் திருப்பிச் சுற்றச் சொன்னதன் பொருள் இதுவே.

மாலை ஐந்து மணி. அடுத்து வந்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். வந்தவரின் கையில் ஒரு தகரப் பெட்டி. தம் அன்னை விட்டுச் சென்ற பொருள்கள் அவை என்றும், தாம் மகன் வீட்டோடு போய்விடப் போவதால் விற்றுவிட எண்ணியதாகவும் அவர் சொல்கிறார். பெட்டியில் ஒரு பித்தளைக் கூஜா, நான்கு இசைத்தட்டுகள், ஓர் ஓட்டைக் காலணா. அடியில் ஒரு கட்டுக் கடிதங்கள், சீருடை அணிந்த இளம்பெண் ஒருத்தியின் புகைப்படம், சில அஞ்சல்தலைகள்.

நேயர்களே, ஐ.என்.ஏ. என்னும் மூன்று எழுத்துகளை நாள்தோறும் உச்சரித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். அவை இந்திய தேசிய ராணுவத்தைக் குறிக்கும் எழுத்துகள் என்பதைக் கறிவேப்பிலை வாங்கும் அவசரத்தில் நினைப்பவர் எத்தனை பேர்? நேதாஜியின் அந்தப் படையில் 1943-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் பெண்கள் அணி தோன்றியது. டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் திரளாக அதில் சேர்ந்தனர். பெட்டியில் இருந்த படத்திலுள்ள பெண் அவர்களில் ஒருத்தி.

வணிகர் முதலில் அஞ்சல்தலைகளை நோக்குகிறார். ஆசாத் ஹிந்த் என்று பொறித்த அவை, போர்க்காலத்தில் ஜெர்மனியில் அச்சிடப்பட்டவை. ஆயினும் தபாலில் புழக்கத்துக்கு வரவே இல்லை. அதனால் உண்மையான தபாலில் ஓடி முத்திரை பெற்றது என்று சொல்லி எவரேனும் ஒன்றைக் கொண்டுவந்தால் அங்கேயே ஐயுறலாம். இவை முத்திரை படாதவை. பிறகு கடிதங்களைப் பிரிக்கிறார். 1944-ஆம் ஆண்டில் முகாமிலிருந்து தாய்க்கு எழுதியவை. போரைப் பற்றி அதிகம் இல்லை. வீட்டுக் கோழிகளைப் பற்றியும், தம்பியின் காய்ச்சலைப் பற்றியும், எல்லாரும் ஒரே சமையலை ஒன்றாக உண்பதைப் பற்றியும் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிழைகள் மலிந்த தமிழில் எழுதியிருக்கிறாள். வணிகரின் மனைவி அதை உரக்கப் படிக்கிறார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

இத்தகைய கட்டு சந்தைக்குப் போனால் நடப்பது என்ன? அஞ்சல்தலை ஒருவரிடமும், புகைப்படம் வேறொருவரிடமும், கடிதங்கள் தாள் தாளாகப் பலரிடமும் போய்ச் சேரும். பிரித்து விற்றால் விலை மிகும். ஆனால் படத்திலிருப்பவள் யார் என்று கடிதம் சொல்லாது. கடிதத்தை எழுதியவள் யார் என்று படம் சொல்லாது. மூன்றும் பிழைத்திருக்க, அவற்றின் வரலாறு மாத்திரம் மாண்டுபோகும்.

“அம்மா, கூஜாவையும் இசைத்தட்டுகளையும் நான் வாங்கிக்கொள்கிறேன். கடிதங்களை வாங்க எனக்கு உரிமை இல்லை. அவை எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டன” என்கிறார் வணிகர்.

“உரிமை இருந்தால் வாங்கியிருப்பீர்களா, தம்பி?” என்று அந்த அம்மையார் கேட்கிறார்.

நேர்மையான மனிதருக்கும் உடனே விடை சொல்ல இயலாத கேள்வி அது. சற்றுப் பொறுத்து, “வாங்கியிருப்பேன், அம்மா. வாங்கியபின் வருந்தியிருப்பேன்” என்கிறார்.

பின்னர் அவர் ஒரு வழி கூறுகிறார். ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றித் தில்லிக்கு வந்த நிலையம் அது. அரசாங்கத்தின் கோப்புகளோடு, குடும்பங்கள் அளிக்கும் தனியார் தாள்களையும் ஏற்றுக் காத்துவருகிறது. ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிலையம் மத்திய செயலகம். அங்கிருந்து காப்பகம் அருகில்தான். வீட்டிலேயே வைத்துக்கொள்வதாயினும் தவறில்லை. அமிலமற்ற காகித உறையில், வெயிலும் ஈரமும் படாமல், படத்தையும் கடிதங்களையும் பிரிக்காமல் வைக்கவேண்டும். படத்தில் இருப்பவர் பெயரைத் தனித் தாளில் எழுதி உடன் வைக்கவேண்டும். இவற்றையெல்லாம் அவர் பொறுமையாக விளக்குகிறார். தம் மகனைக் கலந்துகொண்டு முடிவு செய்வதாகச் சொல்லி, அந்த அம்மையார் கட்டை மீண்டும் பெட்டியில் வைக்கிறார். ஓட்டைக் காலணாவையும் தருவதாக இல்லை. பேத்தியின் கையில் கொடுப்பாராம்.

இரவு உணவுக்குப்பின் குறிப்பேடு திறக்கப்படுகிறது. அன்றைய வரவை எண்ண விரல்கள் போதும். சேர் எடைக்கற்கள் நான்கு, பித்தளைக் கூஜா ஒன்று, இசைத்தட்டுகள் நான்கு. விற்பனை ஒன்றும் இல்லை. வாடகை நாளோ நெருங்குகிறது. இதைப் பற்றி இருவரும் பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூஜாவுக்கு நல்ல விலை கிடைக்கலாம் என்று ஆறுதல் கொள்கின்றனர்.

வீடுதோறும் இத்தகைய பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது. அதைத் திறக்கும் நாளில், தேய்ப்பதற்கு முன்னும் எடைக்குப் போடுவதற்கு முன்னும், பிரிப்பதற்கு முன்னும், இது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, கிடைத்த விடையை ஒரு தாளில் எழுதி வைப்போமாயின், நாமும் அத்தொழிலின் நல்ல பங்கை ஆற்றியவர் ஆவோம். கேட்டால் சொல்லக்கூடிய முதியவர் இன்று வீட்டில் இருக்கலாம். நாளை இல்லாது போகலாம்.

குறிப்பேட்டை மூடப்போன அம்மையார் மீண்டும் எழுதுகோலை எடுக்கிறார். வாங்கிய பொருள்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கிறார்: கடிதங்கள் ஒரு கட்டு, 1944, மலேயா, வாங்கவில்லை. விலைக்கு உரிய பத்தியில் ஒரு கோடு இழுக்கிறார். எங்கிருந்து வந்தது என்னும் நான்காவது பத்தியில், அந்தப் பெண் எழுதியவாறே, அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி விளக்கை அணைக்கிறார்.